முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு

தீபாவளி வந்தால் எங்கள் ஈஜோக் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு தருவார்கள். முன்சுவருக்கு மட்டும்தான். பின்னால் திறந்துகிடக்கும் சாக்கடையோ மழைக்குப் பொங்கி அடுப்படிக்குள் வந்துவிடும். அதற்கு மூடி கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். போன வருஷமும் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சுண்ணாம்பு வாளியோடுதான் வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் சரித்திரப் புத்தகத்தைப் பிரித்து, சிந்து ஆற்றங்கரை நகரத்தின் படத்தைக் காட்டினேன்.

"பாருங்க சார், நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியே செங்கல் சாக்கடை, மேல மூடி."

"அந்த ஊரே அழிஞ்சு போச்சுலா" என்றார் கிராணி.

"ஊருதான் போச்சு. சாக்கடை இன்னும் இருக்கு."

சுண்ணாம்பை நான் வாங்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு லயத்தில் எங்கள் வீட்டு முன்சுவர் மட்டும் அழுக்காகவே நின்றது.