முடிவு நாள் இல்லாத பத்தியம்

எங்கள் கம்பெனி கன்டீனில் தட்டு எடுத்துக் கொடுக்கும் உர்சுலா என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஜெர்மனிக்கு வந்த பிறகு ஒருநாள் நான் இறைச்சி வேண்டாம் என்று தலையசைத்ததும், "இந்தியா? ரெலிகியோன்?" என்றார், மதக் காரணமா என்று. என் ஜெர்மன் அப்போது பெயரும் ஊரும் சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. "யா" என்றேன். அன்றிலிருந்து வரிசையில் என்னைக் கண்டாலே ஒரு காய்கறித் தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். மேலே உருகிய சீஸ், கீழே கிரீம், நடுவில் கொஞ்சம் கீரை. நான் விலக்கியவற்றில் பாதி அந்தத் தட்டிலேயே இருக்கும். சீஸை ஒதுக்கிவிட்டுக் கீரையை மட்டும் சாப்பிடுகிறேன். ஆம்பூரில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாட்டுக்கறி பிரியாணிக்கு வரிசையில் நின்ற குடும்பத்துப் பெண் நான், இந்த ஊரில் பக்தியுள்ள சைவமாகிவிட்டேன்.

காரணம் மதம் அல்ல. நான் தோல் தொழில்நுட்பம் படித்தவள். இங்கே ஷூ தயாரிப்பில் தரம் பார்க்கும் வேலை. ஒரு காலையில் சிவப்புத் தோல் ஒன்றைச் சாயம் வெளிறியிருப்பதாக எழுதித் திருப்பி அனுப்பினேன். சாயத்தில் குறை இல்லை, என் இடது கண்ணில் இருந்தது. பிறகு ஸ்கேன், ஊசி, நோயின் பெயர்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புக்கு மேலிருக்கும் உறை அங்கங்கே அழிகிறது என்று மருத்துவர் மின்கம்பியைக் காட்டி விளக்கினார். எனக்குப் புரிந்தது வேறு மாதிரி. பளபளப்பான தோலில் மேல்பூச்சு மட்டும் திட்டுத்திட்டாக உரிந்துபோவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

மருந்து ஊசிதான், குறிப்பிட்ட உணவுமுறை எதுவும் இதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, எல்லாம் அளவாகச் சாப்பிடு என்றார் அவர். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. ஊசி அவர்கள் கையில், தட்டாவது என் கையில் இருக்கட்டும் என்று தேடித் தேடிப் படித்து ஒரு பட்டியல் போட்டேன். மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, பால், தயிர், நெய், தேங்காய், கோதுமை, எண்ணெயில் பொரித்தது எதுவும் கூடாது. முதல் சில மாதங்கள் அது கைப்பிடிச் சுவர் மாதிரி இருந்தது. இப்போது அறையாகிவிட்டது. பட்டியலில் எந்த வரியையும் அடிக்கப் பயம். அடித்த மறுவாரம் கால் மரத்துப்போனால் அதனால்தான் என்று தோன்றும்.

அம்மாவுக்கும் தங்கை ஷீபாவுக்கும் மட்டும் சொன்னேன். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து எங்களைப் படிக்கவைத்த அம்மா, இதைப் பத்தியம் என்று எடுத்துக்கொண்டார். மஞ்சள் காமாலைக்கு எங்கள் பக்கம் பச்சிலை அரைத்துக் கொடுத்து உப்பில்லாத சோறு போடுவார்கள். அதற்கு முடிகிற நாள் ஒன்று உண்டு. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோழிக்குழம்பு வைத்துப் பத்தியத்தை முறிப்பார்கள். அம்மா ஒவ்வொரு வாரமும் போனில் கேட்பார், எப்போது முடிகிறது என்று. நான் பேச்சை மாற்றுவேன்.

ஷீபாவின் நிச்சயத்துக்கு ஊருக்குப் போனேன். வெயிலில் உடம்பு சூடாகிவிட்டால் என் இடது கால் பின்தங்கும், கண் மங்கும். பிறந்த ஊரின் வெயில் எனக்கு ஆகவில்லை. ரயிலடியில் தடுமாறியபோது செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சமாளித்தேன். கல்யாணம் முடியும்வரை வெளியே மூச்சு விடாதே என்று அம்மா சொல்லியிருந்தார். அக்காவுக்கு நரம்பு வியாதி என்றால் தங்கைக்கும் வரும் என்பார்கள். அப்படி நேரடியாக வருவதில்லை என்று நான் விளக்கி முடிக்கும்வரை யார் உட்கார்ந்திருப்பார்கள்?

பந்தியில் மாட்டுக்கறி பிரியாணி வந்தது. நான் வெறும் சோறும் காயும் வைத்திருந்தேன். எதிரே மாப்பிள்ளையின் அம்மா.

"இன்னாம்மா, ஜெர்மனி போனதும் நம்ம கறி ஆவலயா? ஐயரு வூட்டுப் பொண்ணாயிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. இந்தக் கறிக்காகவே பள்ளியில், வாடகை வீட்டில் ஒதுக்கப்பட்டவர்கள் நாங்கள், அவர்களும்தான். அந்த மேஜையில் என் மறுப்புக்கு ஒரே அர்த்தம்தான். உண்மையைச் சொன்னால் ஷீபாவின் நிச்சயம் போகலாம். சொல்லாவிட்டால் நான் அவர்களைக் கேவலமாக நினைப்பவள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி, நல்லா சாப்புடுவா" என்று அம்மாவே அள்ளி என் தட்டில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு புடவை மாற்றும் அறையில் ஷீபா கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நான் அவர்கிட்ட சொல்லிடட்டா? அவரு நல்லவரு."

"அவரு நல்லவரு. வூட்ல இன்னும் பத்து பேரு கீறாங்க. வேணாம்."

திரும்பி வந்து சில வாரங்களில் இடது பாதம் மரத்தது. பிரியாணியா, வெயிலா, பயணமா? ஒரு தட்டுச் சோற்றோடு இதை முடிச்சுப் போடாதே என்றார் மருத்துவர். போடாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இனிமேல் சொல்லலாமா என்று கேட்டால், ஷீபாவுக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும் என்கிறார் அம்மா. அதனால்தான் இங்கே பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

நிச்சயத்தன்று நான் சாப்பிட்டதில் ஷீபாவின் மாமியாருக்கு என்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. போன வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவர் பெட்டியின் அடியில் ஒளித்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். மாமியார் தன் மாடியில் தானே உப்புப் போட்டுக் காயவைத்த மாட்டுக்கறி, உப்புக்கண்டம். ஞாயிறு வீடியோ அழைப்பில், வறுத்துக் காட்டச் சொன்னார். வறுத்தேன். கறி வாசனை இந்தச் சின்ன அடுக்களையை நிறைத்தது.

"ஒண்ணு வாயில போடு கண்ணு, நான் பாக்கணும்."

திரை முழுக்க அவர்கள் வீட்டுக் கூடம் தெரிந்தது. மாமியார், மாப்பிள்ளை, நடுவில் ஷீபா, ஆராதனை முடிந்து வந்த புடவையோடு அம்மா. மூலையில் சின்னக் கட்டத்துக்குள், பனி பெய்யும் ஜன்னலுக்கு முன்னால், கறித்துண்டைக் கையில் பிடித்தபடி ஒருத்தி. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷீபா மட்டும் தலையைக் குனிந்திருந்தாள்.