ரெண்டு எச் கேட்டுக்கு நடுவில் நான் போட்ட வரி

நான் ஒன்பதாவதோடு நின்றவன். செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் எங்கள் கம்பெனி விற்கும் குடோன் சாஃப்ட்வேர் முழுவதும் நான் எழுதியது. பி.டெக் படித்தவர்கள் மூன்று நாள் தேடிய தப்பை டீ ஆறுவதற்குள் பிடித்திருக்கிறேன். வித்தை ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் வரிக்கு வரி நடுவில் ஒரு பிரிண்ட் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் பார்த்துவிடுவேன்.

குவாண்டம் கம்ப்யூட்டர் டீம் ஆரம்பித்தபோது லீட் நான்தான் என்று நானே அறிவித்தேன். முதலாளி வெங்கடேசன் செகந்திராபாத் தமிழர். ஒரு நிபந்தனை வைத்தார்.

"மூணு மணிக்கு கஸ்டமர் வர்றாரு. சின்னதா ஒரு சர்க்யூட் ஓட்டிக் காட்டுங்கண்ணே. ஓடலைன்னா லீட் வேற ஆளு. அப்புறம் கோபம் நக்கோ, கோவிச்சுக்கக் கூடாது."

சர்க்யூட் என்பது குவாண்டம் புரோகிராம்தான்; இது சின்னது, நிஜ மெஷினில் இல்லாமல் அதைப் போல நடிக்கும் சிமுலேட்டரில் ஓடும். ஒரு க்யூபிட், அதாவது குவாண்டம் பிட், பூஜ்யத்தில் தொடங்கும். எச் கேட் என்ற கட்டளையைப் போட்டால் பூஜ்யமா ஒன்றா என்று முடிவாகாத நிலைக்குப் போகும். இன்னொரு எச் கேட் போட்டால் பூஜ்யத்துக்கே திரும்பிவிடும். ஆயிரம் தடவை ஓட்டினாலும் ஆயிரமும் பூஜ்யம்தான் வர வேண்டும்.

எனக்குப் பாதி பூஜ்யம், பாதி ஒன்று. மறுபடி ஓட்டினேன், அதே கதை. ஒரே புரோகிராம் தடவைக்கு ஒரு விடை சொல்வதை நான் கண்டதில்லை. "சிமுலேட்டரே கோளாறு" என்று வெங்கடேசனிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

டெஸ்டிங் பார்க்கும் சுபத்ரா ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, நடுவுல இந்த மெஷர் வரி எதுக்கு?"

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்க. பிரிண்ட் மாதிரி."

"பிரிண்ட் பார்த்துட்டு சும்மா போயிடும். மெஷர் போட்டா க்யூபிட் அங்கயே பூஜ்யமாவோ ஒண்ணாவோ உக்காந்துடும். அப்புறம் ரெண்டாவது கேட் எதைத் திருப்பும்? கெடுத்தது நீங்கதான்."

அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஆயிரமும் பூஜ்யம். நான் பார்த்ததுதான் தப்பா?

மூன்று மணி டெமோ நன்றாகவே ஓடியது. கஸ்டமர் போனதும் வெங்கடேசன் சொன்னார்:

"லீட் நீங்கதான். ஆனா சுபத்ரா பார்க்காம உங்க புரோகிராம் வெளிய போகக் கூடாது. உங்க பேச்சை நம்பி சிமுலேட்டர்காரங்களுக்குப் புகார் மெயிலே அடிச்சிட்டேண்ணே."

மன்னிப்பு மெயிலை நானே எழுதினேன். அதையும் சுபத்ரா பார்த்த பிறகுதான் அனுப்பினேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கருவியைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் பழைய கெட்டிக்காரத்தனத்தைச் சந்தேகப்படுங்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.