காட்டியதும் கொடுத்ததும்

என்னோடு வேலை பார்த்த பேச்சியம்மாள் இறந்த அன்று அவருடைய அண்ணன் கேட்டதற்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். "பாப்பா விடியக்காலம் போயிருச்சுத்தா" என்று தங்கையைப் பற்றித் தொலைபேசியில் சொன்னார். பிறகு, "அது எழுதுனது கம்பம் மண்டில ஓடுதுல்ல?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அதை எடுத்துவிடுவதென்று அலுவலகத்தில் முந்தைய வாரமே முடிவாகியிருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய ஊரான மார்க்கையன்கோட்டையில் அவரோடு வளர்ந்தவர்கள். பழனிசெட்டிபட்டியில், மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார் என்பதை அவர் வீட்டில்கூட விளக்கியதில்லை. கம்ப்யூட்டர் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதனால் அதை நான் எழுதிவைக்கிறேன்.

கம்பத்தில் ஒரு பழ மண்டிக்கு நாங்கள் கணினி நிரல் எழுதினோம். தராசு காட்டும் எடையை வாங்கும் பாகம் அவருடையது, சி என்ற கணினி மொழியில். எடையைத் திரையில் காட்டுவதும் சீட்டு அச்சிடுவதும் என்னுடையவை, ஜாவா என்ற இன்னொரு மொழியில். ஒவ்வொரு எடைக்கும் அவருடைய நிரல் கணினியின் நினைவகத்தில் சிறிது இடம் வாங்கி, எடையை அதில் வைத்து, அந்த இடத்தின் முகவரியை மட்டும் என் நிரலிடம் தரும். சீட்டு அச்சானதும் இடத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். ஜாவா தான் வாங்கிய இடத்தை வேலை முடிந்ததும் தானே திருப்பித் தந்துவிடும். சி வாங்கிய இடமோ அதன் கண்ணுக்கே தெரியாது. அதைத் திருப்பித் தர எங்களில் ஒருவர் தனியே வரி எழுதிவைத்தால்தான் உண்டு.

முதலில் இருவருமே எழுதிவைத்திருந்தோம். அவர் திருப்பித் தந்த இடத்தை நானும் திருப்பித் தர, சரக்கோடு வண்டிகள் நிற்கையில் நிரல் செத்து விழுந்தது. அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மற்றவருடையதைத் தொடக் கூடாது என்று எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்லாமலே அந்த வரிகளை நீக்கிவிட்டோம். அதன்பின் யாருமே திருப்பித் தரவில்லை. காலையில் நன்றாக ஓடும் கணினி, விடாத இடமெல்லாம் சேர்ந்து சேர்ந்து, பொழுது சாயும்போது அசையாமல் நின்றுவிடும்.

இருவரும் பஸ் ஏறிக் கம்பம் போனோம். எடை போடுபவர் எங்களைப் பார்த்ததும், "வாங்கத்தா, ஒங்க பொட்டிக்கு எங்களுக்கு முன்னாடியே தூக்கம் வந்துருது" என்றார். பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்துக்குவன்னு விட்டேன்த்தா."

"ஒங்களோடத எப்பிடித் தொடுறதுன்னு நான் விட்டேன்க்கா."

"நல்லா மருவாதி குடுத்தோம் போ" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே வழி கண்டுபிடித்துவிட்டார். என் நிரலுக்கு எதை அனுப்பினாலும் அதன் பெயருக்கு முன்னால் 'காட்டு' அல்லது 'கொடு' என்று போடுவார். காட்டியது அவருடையது. நான் பார்த்துப் படியெடுத்துக்கொள்ளலாம், விடுவிக்கக் கூடாது. கொடுத்தது என் பொறுப்பு. வேலை முடிந்ததும் அவர் எழுதிவைத்த வழியாகவே நான் திருப்ப வேண்டும். அந்தப் பேச்சு அலுவலகம் முழுவதும் பரவிவிட்டது. மதியம் பாத்திரத்தை என் பக்கம் தள்ளி, "கொழம்பு குடுக்குறேன், டப்பா காட்டுறேன்" என்பார். குழம்பு எனக்கு, டப்பா அவருடையது.

பிறகு அவர் ரத்தத்தில் நோய் கண்டது. மதுரை மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். கடைசியாக அலுவலகம் வந்தபோது தலையில் துண்டு சுற்றியிருந்தது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார். என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, தான் எழுதியதை மேலிருந்து கீழே வரை படித்தார். இது காட்டினது, இது குடுத்தது என்று விரலால் திரையைத் தொட்டுச் சொன்னார். எதற்கு இப்போது என்றேன். "வாங்குனவ இல்லாமப் போனாலும் அவ வழியாத்தான் திருப்பணும். நீயா அள்ளிப் போட்டீன்னா பக்கத்துல இருக்கதும் சேந்து போயிரும்" என்றார். நான் தலையாட்டினேன். அன்றும் குழம்பு கொண்டுவந்திருந்தார். அவர் சாப்பிடவில்லை.

அவர் எழுதியதை எடுக்க முடிவு செய்ததற்கு எங்கள் முதலாளி சாரைக் குறை சொல்ல மாட்டேன். பேச்சியம்மாளைத் தவிர அலுவலகத்தில் யாருக்கும் சி தெரியாது. பழுதானால் பார்க்க ஆள் இல்லாத ஒன்றை மண்டியில் ஓட விட முடியாது என்றார். நானும் சரி என்றேன். மருத்துவமனையில் இருந்தவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. "சார் எதும் கேட்டாகளா?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். உடம்பு எப்படி இருக்கிறதென்று விசாரித்ததாக மட்டும் சொன்னேன்.

இன்றும் ஒரு பொருள் கை மாறும்போது அது காட்டியதா, கொடுத்ததா என்று எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய டப்பாவும் என்னிடம்தான் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன். அது காட்டியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், தராசோடு பேசும் புதிய மென்பொருளை விலைக்கு வாங்கி மண்டியில் போட்டார்கள். பழையதை எடுக்கும் வேலை எனக்கு வந்தது. கொடுத்திருந்தவை அனைத்தையும் அவர் எழுதிய வழியாகவே திருப்பினேன். பிறகு அவர் பாகத்தை அழித்தேன். அந்த வாரம் அவருடைய அண்ணன் வாழைத்தார் ஏற்றி வந்து, தங்கை எழுதியது இன்னும் ஓடுவதாக எண்ணி அங்கே எடை போட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.