கொழுந்துத் தட்டில் காய்ந்த கிட்டார்

தேயிலைத் தொழிற்சாலையில் கரண்ட் வேலை பார்ப்பவனை மெஷின் நின்றால்தான் நாலு பேர் தேடுவார்கள். அப்படிப்பட்டவனுக்கு மேடை ஆசை வந்தால் என்ன ஆகும்? பழைய சாமான் வாங்கி வீட்டில் திட்டு வாங்கும் அன்பர்களே, கேளுங்கள்.

கினிகத்தேனையில்

பழைய சாமான் கடையில் ஒரு சிவப்பு எலக்ட்ரிக் கிட்டார் தொங்கியது. பார்த்ததும் கை பரபரத்தது. எங்கள் தோட்டத்து இசைக்குழுவில் கிட்டார்காரர் வெளிநாடு போய்விட்டார். சர்ச் திருநாளுக்குள் கிட்டாரோடு வந்தால் அந்த இடம் எனக்கு என்று குழுத் தலைவர் அந்தோனி அண்ணன் சொல்லியிருந்தார். தவறினால், இனி எல்லாவற்றுக்கும் கீபோர்டுதான்.

கடையில் அது மூச்சே விடவில்லை. "நானா, சத்தம் வரலையே?" என்று கடைக்கார முஸ்லிம் அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "சத்தம் வராட்டி திருப்பிக் கொண்டாங்க தம்பி. வந்தா மட்டும் இந்தப் பக்கம் கொண்டு வந்துறாதீங்க."

தட்டில்

உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஈயம் வைத்து ஒட்டி, ஸ்பீக்கரில் பூட்டித் தட்டினேன். லயத்து வரிசை வீடுகள் எல்லாமே அதிர்ந்தன. அன்று நான் அடைந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட அடையவில்லை. இதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் பனி மூட்டம் இறங்கி, கிட்டாருக்குள் ஈரம் ஏறி, கரகரவென்று இருமத் தொடங்கியது. திருநாள் நெருங்கிவிட்டது. பயத்தில் மூளை எங்கே வேலை செய்கிறது? கொழுந்து வாட்டும் மாடியில், இலை பரப்பாத ஒரு தட்டில் கிட்டாரைக் கிடத்திச் சூட்டுக் காற்றைத் திறந்துவிட்டேன். இலையை வாட்டுகிற காற்று இதை வாட்டாதா என்று ஒரு நம்பிக்கை. எடுக்கப் போனால், அதன் தலைமாட்டில் தொழிற்சாலைக்கே பொறுப்பான டீமேக்கர் நிற்கிறார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதை அரைச்சு எந்த கிரேடுல போடப் போற?"

கழுத்து

இருமல் நின்றது, ஆனால் சூட்டில் கிட்டாரின் கழுத்து வளைந்துவிட்டது. நரம்புகளை அமுக்கினால் விரல் வெட்டுப்பட்டது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கித்தான் நிமிர்த்த வேண்டும். கொஞ்சம் கூடினால் மரம் பிளந்துவிடும். சாவியை மெல்லத் திருப்பினேன். 'மடக்'கென்று ஒரு சத்தம். மரம் பிளக்கவில்லை, நிமிர்ந்தது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி சொன்னாள்: "அது கழுத்தை எவ்வளவு பதமா திருப்புறீங்க! எனக்குக் கழுத்து வலின்னு சொன்னப்ப அந்தத் தைலத்தையாவது எடுத்துக் குடுத்தீங்களா?"

மேடையில்

திருநாள் பூசை முடிந்து சனம் கூடிவிட்டது. பழக்கதோஷத்தில் கிட்டார் நரம்பில் கரண்ட் பார்க்கும் டெஸ்டரை வைத்தேன். லைட் எரிந்தது. மேடைக்கு இழுத்த வயரில் எர்த் கம்பியே இல்லை. கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்தால் அடிக்கும்.

"அண்ணே, இதுல வாசிக்க முடியாது."

"சனம் காத்திருக்குதுப்பா. நாங்க கீபோர்டுல ஆரம்பிக்கிறோம்" என்றார் அந்தோனி அண்ணன். ஆரம்பித்தும் விட்டார். ஒவ்வொரு பாட்டாகப் போகப் போக எனக்கு அழுகையே வந்தது. ஃபாதர் அறையில் கேத்தல் பூட்டியிருந்த வயரில் எர்த் இருந்தது. கொதிக்கிற கேத்தலைக் கழற்றிவிட்டு வயரை இழுத்தேன். அது மேடையின் ஓரம்வரைதான் எட்டியது. ஸ்பீக்கரை அங்கே நகர்த்தி, மறுபடி டெஸ்டரை வைத்தேன். லைட் எரியவில்லை.

கடைசிப் பாட்டு மட்டும் மிச்சம். ஓரத்தில் நின்றே வாசித்தேன். முடிந்ததும் அந்தோனி அண்ணன் என் தோளைப் பிடித்து மேடை நடுவுக்கு இழுத்து நிறுத்தினார். முன்வரிசையில் ஒரு அக்கா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: "கரண்ட் வேலைக்கு வந்த தம்பியையும் விடாம வாசிக்க வச்சுட்டாங்க, பாவம்!"

பழைய கிட்டார் வாங்கியவன் மேடையில் நிற்பதைவிட மேடைக்கடியில் குனிந்து கிடப்பதே அதிகம் என்று தெரிந்தும், ராகலையில் இன்னொன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.