எசென்குலுக்குக் கொடுத்த பெட்டி

நாரின் ஊர்த் தொலைபேசி நிலையத்தில் பழுது பார்க்கிற ஒமுர்சாக்குக்கு எதையும் வெளியே எறிய மனசு வராது. அவருடைய மாடி வீட்டு பால்கனி நிறைய உயிர்போன டேப் ரெக்கார்டர்கள், உடைந்த டெலிபோன்கள், ஊர் ரேடியோக்களின் குடல். வானிலை நிலையத்தார் கழித்துவிட்ட கனத்த இரும்புப் பெட்டி ஒன்றும் உண்டு. ஈய முத்திரை வைத்த அந்தப் பெட்டியை அவர் திறந்ததே இல்லை. அரசாங்க முத்திரை என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். அதன்மேல் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார். துணி காயப்போட அங்கே ஒரு கொடி கட்ட இடம் கேட்டுக் கேட்டு அவர் மனைவி புருல்சாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்தக் குப்பையிலிருந்துதான் ஒரு கம்ப்யூட்டரைச் செய்து டி.வி.யோடு சேர்த்திருந்தார். இப்போது அதற்குக் காது வைக்க வேண்டும். பேசினால் பேச்சு திரையில் கோடாக ஓட வேண்டும். பொழுதுபோகாமல் செய்கிற வேலையில்லை இது. மகள் கென்ஜேவுக்கு எட்டு வயது, பிறவியிலேயே காது கேட்காது, தலைநகரில் விடுதியில் படிக்கிறாள். போன கோடையில் அவள் ஏதோ சொல்ல வாயெடுக்க, முற்றத்துப் பிள்ளைகள் அதே மாதிரி வாயைக் கோணிக் கத்திக்காட்டிச் சிரித்தார்கள். அன்று மூடிய வாய்தான். இந்த வருஷமும் குரலெழுப்பாவிட்டால் பேச்சே சொல்லித்தராத வகுப்புக்கு மாற்றிவிடுவோம் என்று டீச்சர் எழுதிவிட்டார். தன் குரலைக் கண்ணால் பார்த்தால் பிள்ளைக்குக் கூச்சம் விட்டுப்போகும் என்று ஒமுர்சாக் நம்பினார். நூருஸ் புத்தாண்டு விடுமுறைக்கு அவள் வந்திருக்கும் பத்து நாளுக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

டெலிபோனிலிருந்து மைக் கிடைத்தது, டேப் ரெக்கார்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயர் கிடைத்தது. ஒலியை எண்களாக மாற்றுகிற பதினெட்டுக் கால் ஐ.சி. மட்டும் அகப்படவில்லை. ஓஷ் நகருக்கு எழுதினார், தொக்மொக்குக்கு எழுதினார். அதைச் செய்த ஆலையை மூடிவிட்டார்கள் என்று பதில் வந்தது. தலைநகர் பிஷ்கெக்கின் சந்தையிலோ, அதிலிருக்கிற துளித் தங்கத்துக்காகப் பழைய ஐ.சி.க்களை மூட்டை மூட்டையாக வாங்கி உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாவிகளை நினைத்தால் ஒமுர்சாக்குக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கீழ்வீட்டு லாரிக்காரன் எசென்குல் பிஷ்கெக் போகும்போதெல்லாம் விசாரித்து வருவான். கென்ஜே விடுதிக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கையில் அவன் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "சூயுஞ்சு" என்று கையை நீட்டினான். நல்ல சேதி கொண்டுவருகிறவன் முதலில் சூயுஞ்சு கேட்பான். பரிசு கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறப்பான். ஒமுர்சாக்குக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்திருந்த பெட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

எசென்குலுக்கு வாயெல்லாம் பல். ஸ்பேனர் போட்டுவைக்கத் தோதான பெட்டி. பிறகு சேதியைச் சொன்னான். அந்த ஐ.சி. கடையில் கிடைக்காதாம், பழைய மின்னளவுக் கருவி ஒன்றின் வயிற்றுக்குள் இருக்குமாம். சந்தையில் ஒரு ரேடியோக்காரர் அந்தக் கருவியின் எண்ணைச் சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார். ஒமுர்சாக் சீட்டைப் பார்த்தார். எசென்குலின் கக்கத்திலிருந்த பெட்டியின் எண் தகட்டைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண். அதற்குள் அவன் சீட்டியடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

பின்னாலேயே ஓடப்போனவரைப் புருல்சா வாசலில் மறித்தாள். "குடுத்த சூயுஞ்சத் திருப்பிக் கேட்ட குடும்பம்னு பேர் வாங்கித் தரப்போறீங்களா? அப்புறம் ஊர்ல தலை காட்ட முடியுமா?"

"பிள்ளைக்கு வேணும்டி அது."

"வேணும்னா நாமளும் ஒரு நல்ல சேதி கொண்டுபோய்க் கேட்டு வாங்குவோம். அவன் குதிரை குட்டி போட இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குதுல்ல."

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஒமுர்சாக் கென்ஜேயையும் கூட்டிக்கொண்டு பின்கட்டில் அந்தக் குதிரை நின்ற தொழுவத்தில் போய் உட்கார்ந்தார். விஷயத்தையெல்லாம் கைச்சாடையில் அவளுக்குச் சொல்லிவிட்டார். டெலிபோன்காரன் குதிரைக்குப் பிரசவம் பார்க்கப் போய்விட்டான் என்று முற்றமே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்றிருந்தார். எசென்குல் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிடுவானோ என்பதுதான் அவரை அரித்தது.

மூன்றாம் நாள் காலையில் குட்டி விழுந்தது. அதன் மூக்கை மூடியிருந்த சவ்வை விலக்கி வைக்கோலால் துடைக்க வேண்டியிருந்ததால் அவரால் நகர முடியவில்லை. ஓடு என்று கென்ஜேவுக்குச் சாடை காட்டினார். கையை நீட்டினால் எசென்குல் புரிந்துகொள்வான் என்று நினைத்தார்.

குட்டி எழுந்து நிற்கப் பார்த்து இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை நின்றபோது புருல்சா ஓடிவந்தாள். கையை நீட்டி, "சூயுஞ்சு" என்றாள்.

"குட்டி போட்டதப் பாத்தவனே நான்தான். என்கிட்டயே சூயுஞ்சா?"

"அது இல்ல. மொதல்ல குடுங்க."

கை நிறைய வழுவழுப்பு, கொடுக்க ஒன்றுமில்லை. "போ, அந்த பால்கனிய எடுத்துக்க" என்றார்.

அதன் பிறகே அவள் சொன்னாள். எசென்குல் லாரிக்கு அடியில் படுத்து வேலையாக இருந்திருக்கிறான், வெளியே பூட்ஸ் மட்டும்தான் தெரிந்ததாம். கென்ஜே பூட்ஸுக்கு முன்னால் கையை நீட்டினாள். பூட்ஸுக்கு ஏது கண்? காலைத் தட்டினாள், அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். சுற்றி, கோடையில் சிரித்த அதே பிள்ளைகள் நின்றார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், முத்திரை உடைந்து பக்கத்தில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"சூயுஞ்சுன்னு கத்துனா. வாயத் தொறந்து, மூணு தரம். பால்கனியில இருந்த எனக்கே கேட்டுச்சு." புருல்சா முற்றத்தை நோக்கிக் கை காட்டினாள். "ஒரு பிள்ளையும் சிரிக்கல. அவன் எந்திரிச்சு வந்து, அவ காட்டுன பெட்டியக் குடுத்துட்டான்."

ஒமுர்சாக் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து அழுதார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

ஐ.சி. பழுதில்லாமல் இருந்தது. கென்ஜே பஸ் ஏறுவதற்கு முந்தின மாலை டி.வி.யில் அம்மாவின் கோடு மேலேயும் அவளுடைய கோடு கீழேயும் ஓடின. தன் கோடுதான் உயரம் என்று விரலால் அளந்து காட்டினாள். பிறகு சேதி எதுவும் இல்லாமலே எல்லோரிடமும் சூயுஞ்சு கேட்டுக்கொண்டு திரிந்தாள், வாயால்தான்.

பால்கனியில் இப்போது ஈரத்துணி தொங்குகிறது. சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியுமா? ஒமுர்சாக் சமையலறை மூலையில், உட்கார இடமில்லாமல், நின்றபடியே வேலை பார்க்கிறார்.