சித்தப்பா சொன்னதும் நான் தட்டியதும்

பதினோரு வயதில் எதற்காகக் கீபோர்டில் ‘அடையாறு’ என்று தட்டினேன்? எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கம். தெற்கே, வசதியானவர்கள் வாழும் அடையாறை அதுவரை நான் பார்த்தது கூட இல்லை.

சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, வேலை விட்டால் கேரம் கிளப். எங்கள் பக்கம் கேரம் ஆடுகிறவருக்குக் கையோடு வாயும் ஓட வேண்டும். எதிராளியைக் கலாய்க்காமல் ஆடினால் அது ஆட்டமே இல்லை. தெருவில் பிரவுசிங் சென்டர் வந்த புதிதில், கம்ப்யூட்டரிலும் கேரம் உண்டு, பல ஊர்களில் இருக்கும் தமிழர்கள் ஒரே இணைய அரட்டை அறையில் கூடி ஆடுகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டே நாளில் மவுஸ் அவர் கைக்குப் பழகிவிட்டது. வாய்க்குத்தான் வழியில்லை. அதற்கு நான் தேவைப்பட்டேன். பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு இருந்ததால் வேகமாகத் தட்டுவேன். அவர் சொல்லச் சொல்ல, ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க வேண்டும்.

“இன்னாபா, ரெட் காயினயே பாத்துகினு கீற? பொண்ணு பாக்க வந்தியா? அட்ச்சு வுடுபா!”

‘தங்கள் ஆட்டம் மிக நன்று’ என்று தட்டுவேன்.

“இன்னா பாப்பா, ஒருத்தனும் சிரிக்க மாட்டன்றான்?”

“ஆட்டத்துல கவனமா இருக்காங்க சித்தப்பா.”

முதல் நாளே அந்த அறையில் ஒன்றைப் பார்த்துவிட்டேன். யாரோ எங்கள் பேச்சில் ஒரு வரி எழுத, ‘ரவுடி பாஷை’ என்று பத்துப் பேர் சிரித்தார்கள். சித்தப்பா காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மானத்தைக் காப்பது என் பொறுப்பு என்று அப்போதே முடிவு செய்தேன். ஊர் எது என்று கேட்டபோது விரல்கள் தாமாக அடையாறுக்குப் போய்விட்டன. இரண்டு மாதத்தில் அந்த அறையிலேயே மிகவும் பண்பானவர் என்று சித்தப்பாவுக்குப் பெயர்.

ஆட்டத்திலும் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. அறையின் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடியும் தறுவாயில், அறையை நடத்தும் தலைவர் சித்தப்பாவைப் பாராட்டி எழுதினார். அதைச் சித்தப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அ-டை-யா-று. யாரும்மா அடையாறு?”

நான் சொல்லிவிட்டேன். அடையாறை மட்டுமல்ல, இரண்டு மாதமாகத் தட்டியதையெல்லாம். அவர் திட்டவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்: ‘நான் தண்டயார்பேட்ட. டோல்கேட். இன்னா மாமு, தூங்கிகினு கீறியா? ஆடு.’

கண்ணியமான தமிழில் எழுதும்படி தலைவர் எச்சரித்தார்.

‘இதான் என் தமிழு’ என்று சித்தப்பா அடித்தார்.

அடுத்த நொடி, நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்று திரையில் வந்தது. இரண்டே காய்தான் பாக்கி இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

சித்தப்பா என்னை நேராகக் கிளப்புக்கு அழைத்துப் போனார். கோப்பை வாங்கி வந்தவர் போல உள்ளே நுழைந்தார்.

“தூக்ட்டாம்பா என்னிய! ஊரு பேர சொன்னேன், தூக்ட்டான்!”

போர்டைச் சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “நீ ஜெயிக்கப் போறன்னு பயந்துட்டாம்பா!” என்றார் ஒருவர். என் தலையில் கை வைத்துச் சித்தப்பா சொன்னார்: “எல்லாம் எங்க பாப்பா அட்ச்சதுதான். கீபோர்டு பாக்காமயே அடிக்கும், தெரியுமா!”

அடையாறு என்ற சொல் அன்று அவர் வாயில் வரவே இல்லை. என் அம்மாவிடமும் சொல்லவில்லை. அது ஒரு பெரிய விஷயமில்லை, மறந்துவிட்டார் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக நான் அவர் மானத்தைக் காப்பதாக நினைத்திருக்க, அன்று கிளப் முழுவதும் பார்க்க அவர் என் மானத்தைக் காத்தார் என்பது அப்போது புரியவில்லை.

இன்று என் ஏழு வயது மகன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத பிள்ளைகளோடு விளையாடுகிறான். “இரு மாமு, வந்துகினே கீறேன்” என்று கத்துகிறான். எல்லாம் சித்தப்பாவிடம் கற்றது. கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுமுனையில் சிரிப்பு கேட்டால், அது எந்த வகைச் சிரிப்பு என்று தெரியாமல், “ஒழுங்காப் பேசுடா” என்பது தொண்டை வரை வந்துவிடுகிறது. பிள்ளை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்: நீங்களாக இருந்தால் திருத்துவீர்களா, விட்டுவிடுவீர்களா?