மிளகாய் மில்லுக்குக் கறுப்புக் கட்டம்

நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு மன்னிக்கவும்.

சுதந்திரம் கிடைத்த வருடம். காஜா பேராங்கில் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருந்தேன். பக்கத்து ஊரான புக்கிட் பாருவில் புது மில் வந்ததும் என் வாடிக்கைக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். தீபாவளிக்குள் ஆள் வராவிட்டால் மில்லை மூட வேண்டியதுதான். ஒரு நோட்டீஸ் எழுதி, பண்டார் ஹிலிர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தவரிடம் கொடுத்தேன்; நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான். ஊரில் மரண அறிவிப்பெல்லாம் அவர் எழுதுவதுதான்.

காதில் சிவப்புப் பென்சில் செருகியிருப்பார். ஒவ்வொரு வரியையும் அடித்துத் திருத்துமுன் அதன் முனையை நாக்கில் தொட்டுக்கொள்வார். நாக்கே சிவந்திருந்தது.

"மிளகாய் நல்லா அரைப்போம்னு எழுதியிருக்கீங்க. இதுல உருக்கம் எங்க தம்பி?"

"மிளகாய்த் தூள்தானே ஐயா..."

"பொறந்த ஊரு, வயசு, பிள்ளைங்க பேரு எல்லாம் வரணும். உங்க படத்தைச் சுத்திக் கறுப்புக் கட்டம் போட்டாத்தான் கண்ணுல படும்."

"கறுப்பா ஐயா?"

"இருபது வருசமா போடறேன். யாருக்குப் போட்டேனோ அவங்க ஒருத்தர்கூட வந்து குறை சொன்னதில்ல."

எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. அப்படியே அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தேன். அதைப் படித்த என் மனைவியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் தெரிந்துதான் செய்தாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் செமாபோக்கிலிருந்து ஏழு பேர் மாலையோடு வந்தார்கள். வந்தது வந்தாயிற்று என்று ஆளுக்கொரு பொட்டலம் மிளகாய்த் தூள் வாங்கிப் போனார்கள்.